தலை நிமிர உதவும் அணிகருவி

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சிரசைத் தாங்கி நிற்பது கழுத்து. ஆயினும் கழுத்தைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. அது நோவெடுக்கும் பொழுதுதான் அதன் நினைவே நமக்கு வருகின்றது.

அண்மைக் காலமாக, தலையையும் கழுத்தையும் நேராக வைத்துக்கொள்ள உதவும் என்று கூறிச் சில சிறு கருவிகள் இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. பிள்ளைகள் மணிக்கணக்கில் குனிந்தவாறே திறன்பேசியைப் பார்ப்பதைக் கண்டு கவலையுறும் பெற்றோருக்கு, அவற்றை வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. உழைத்து ஈட்டிய பணத்தைச் செலவிடுமுன் அறிய வேண்டியவை மூன்று: கழுத்தின் அமைப்பு, இத்தகைய கருவிகளின் வரலாறு, இக்காலக் கருவி வேலை செய்யும் முறை. இவற்றை முறையே காண்போம்.

கழுத்தின் அமைப்பு

வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் எடை உடையது. கடையில் விற்கும் 5 கிலோ அரிசிப் பை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அத்தனை பளுவை நம் கழுத்து நாள் முழுவதும் சுமக்கின்றது. கழுத்தில் உள்ள முள்ளெலும்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கியின் நெடிய கழுத்திலும் இதே ஏழு எலும்புகள்தாம் உள்ளன என்பது வியப்பிற்குரியது.

முதல் எலும்பிற்கு ‘அட்லஸ்’ என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கி நின்றவனின் பெயர் அது. இரண்டாவது அச்செலும்பு. ‘ஆம்’ என்று நாம் தலையசைக்கும்போது மண்டையோடு அட்லஸின் மீது முன்னும் பின்னும் அசைகின்றது. ‘இல்லை’ என்று தலையாட்டும்போது அட்லஸ், அச்செலும்பின் முளையைச் சுற்றித் திரும்புகின்றது.

மாணவர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீர் நிறைந்த புட்டி ஒன்றை மார்போடு அணைத்துப் பிடியுங்கள், பளு தெரியாது. அதையே கையை முன்னே நீட்டிப் பிடியுங்கள். சிறிது நேரத்தில் கை வலிக்கும். புட்டியின் எடை கூடவில்லை. உடலிலிருந்து அது விலகிய தூரமே கூடியது. அறிவியல் பாடத்தில் வரும் நெம்புகோல் தத்துவம் இதுவே. தலை நேராக இருக்கும்போது அதன் பளு எலும்புகளின் மீது நேரே இறங்குகின்றது. தலை முன்னே சாய்ந்தால், அது மேலும் விழாதவாறு பிடரித் தசைகள் பின்னிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது.

நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ஆம் ஆண்டில் இதனைக் கணினி மாதிரி ஒன்றின் வழியாகக் கணக்கிட்டு வெளியிட்டார். அதன்படி தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்தின் மீது ஏறத்தாழ 12 கிலோ அளவு விசை விழுகின்றது. 30 பாகையில் 18 கிலோ. 45 பாகையில் 22 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. இவை வளர்ந்தோரின் தலைக்குரிய கணக்குகள். உயிருள்ள மனிதர் கழுத்தில் அளந்து பெற்றவை அல்ல. எனினும் சாய்வு கூடக் கூடப் பளுவும் கூடும் என்னும் உண்மையை இவை தெளிவாக உணர்த்துகின்றன.

கருவிகளின் வரலாறு

தலையை நிமிர்த்தக் கருவி செய்யும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மோரிட்ஸ் ஷ்ரேபர் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். பிள்ளைகள் குனிந்து எழுதாதிருக்க, மேசையில் பொருத்தும் இரும்புச் சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். முன்னே சாய்ந்தால் அச்சட்டம் மார்பில் இடிக்கும். தலை சாயாதிருக்க மற்றொரு வாரும் செய்தார். அதன் ஒரு முனை பிள்ளையின் தலைமயிரிலும் மறுமுனை உள்ளாடையிலும் மாட்டப்படும். தலை குனிந்தால் மயிர் இழுபட்டு வலிக்கும். 1858இல் அவர் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில் இக்கருவிகள் படங்களுடன் விளக்கப்பட்டன. பிள்ளைகள் நலம்பெற வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆயினும் வலியை அஞ்சி நிமிர்வதைக் கல்வி என்று எவரும் கூறார்.

1940களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோய்க்காக, இடுப்பிலிருந்து கழுத்து வரை நீளும் தாங்கி ஒன்று உருவாக்கப்பட்டது. அது நோயாளிகளுக்கு மருத்துவர் அளந்து அணிவித்த கருவி. நோயற்ற பிள்ளைக்குரியதன்று. காயமுற்றோர் அணியும் கழுத்துப் பட்டையும் அத்தகையதே. அதனை நெடுநாள் அணிந்தால், வேலையற்ற கழுத்துத் தசைகள் வலுவிழக்கும்.

கருவியை நாடாமல் வேறு வழி கண்டவர், 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாத் தீவில் பிறந்த ஃபிரடெரிக் மத்தையஸ் அலெக்சாண்டர். மேடையில் நாடகப் பகுதிகளை ஒப்புவிக்கும் கலைஞரான அவருக்கு அடிக்கடி குரல் கம்மியது. கண்ணாடியின் முன் நின்று, பேசும்போது தம் உடல் என்ன செய்கின்றது என்று நெடுநாள் உற்றுநோக்கினார். பேசத் தொடங்கியதும் தலையைப் பின்னும் கீழுமாக இழுத்துக்கொள்வதைக் கண்டார். அவ்வழக்கத்தை மெல்ல மெல்ல விட்டார், குரலும் திரும்பியது. அம்முறையைப் பிறருக்கும் கற்பித்தார். 1973இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்ற நிக்கோ டின்பெர்கன், தம் பரிசுரையின் ஒரு பகுதியில் இம்முறையைப் பாராட்டிப் பேசினார்.

இக்காலக் கருவி

இன்றைய கருவி ஷ்ரேபரின் வாரைப் போல் வலி தருவதன்று. தீப்பெட்டி அளவுள்ள அதனை மேல்முதுகில் ஒட்டிக்கொள்வர். அல்லது கழுத்தில் மாலைபோல் அணிந்துகொள்வர். கொத்தனார் சுவரின் நேர்மையை அறியத் தூக்குக்குண்டு தொங்கவிடுவார் அல்லவா? அக்குண்டு எப்பொழுதும் நிலத்தை நோக்கியே நிற்கும். சுவர் சாய்ந்திருந்தால் நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி தெரியும். கருவியினுள் இருக்கும் நுண்ணிய உணரியும் இவ்வாறே புவியீர்ப்பின் திசையை அறிந்து, அணிந்தவர் எத்தனை பாகை சாய்ந்துள்ளார் என்று கணக்கிடுகின்றது. முதலில் நிமிர்ந்து அமர்ந்து, ‘இதுவே நேர்நிலை’ என்று அதற்குப் பதிவு செய்து வைக்க வேண்டும். குறித்த அளவிற்கு மேல் சில நொடிகள் சாய்ந்திருந்தால் கருவி அதிர்ந்து நினைவூட்டும்.

அது செய்யும் வேலை நினைவூட்டல் ஒன்றே. தலையைத் தூக்குவது தசைகளின் வேலை. அத்தசைகளைக் கருவி வலுப்படுத்துவதில்லை. பிள்ளை எழுதுவதற்குக் குனிந்ததா, விளையாட்டில் மூழ்கிக் குனிந்ததா என்றும் அது அறியாது. நாளடைவில் பழகிப்போனால், கடிகாரத்தின் ஓசையைப் போல அதிர்வும் நம் கவனத்திற்கு வராமல் போகலாம்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், பிரேசில் நாட்டில் 18 முதல் 21 அகவை வரையுள்ள 150 பேரின் நிலை ஆராயப்பட்டது. கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதற்கும் கழுத்து நோவிற்கும் நேர்த்தொடர்பு அதில் காணப்படவில்லை. ஆகவே குனிவது ஒன்றே குற்றம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அசையாமல் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதையும் கருத வேண்டும். பால்மரம் வெட்டுவோர் தாழ்ந்த கோட்டினை வெட்டக் குனிகின்றனர்; உடனே நிமிர்ந்து அடுத்த மரத்திற்கு நடக்கின்றனர். அவர்களுக்கும் உழைப்பினால் நோவு உண்டு. எனினும் மரத்திற்கு மரம் கழுத்து நிலைமாறுகின்றது. திறன்பேசியின் முன் அமர்ந்த பிள்ளைக்கோ ஒரு மணி நேரம் சென்றும் அம்மாற்றம் கிட்டுவதில்லை.

செலவின்றிச் செய்யத்தக்கவை

1. நூலையும் திறன்பேசியையும் மடியில் வைக்காமல், கண்ணை நோக்கி உயர்த்திப் பிடியுங்கள். சாய்வான பலகை ஒன்றில் நூலை வைத்துப் படிப்பது நன்று.

2. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். தொலைவில் உள்ள மரத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் கழுத்துக்கும் ஒருங்கே ஓய்வு கிடைக்கும்.

3. நேராக அமர்ந்து, மேலும் கீழும் பாராமல், மோவாயை மெல்லப் பின்னே இழுத்து ஐந்து நொடி வைத்து விடுங்கள். பத்து முறை செய்யலாம். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

4. அன்றைய கால அட்டவணைக்குரிய நூல்களை மட்டும் பையில் எடுத்து வாருங்கள். பையின் இரு வார்களையும் தோள்களில் மாட்டுங்கள்.

5. மாலையில் திடலில் ஓடி விளையாடுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல்

குனிந்திருக்கும் பிள்ளையை ‘நிமிர்ந்து உட்கார்’ என்று அதட்டுவது எளிது. அது ஏன் குனிகின்றது என்று கேட்பதே கடமை. கிட்டப்பார்வை உள்ள பிள்ளை எழுத்துத் தெரியாமல் நூலின்மேல் கவிழும். அதற்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. மேசை தாழ்வாக இருந்தால் உயரமான பிள்ளை வளைந்தே தீர வேண்டும். மனத்தில் அச்சமோ துயரமோ கொண்ட பிள்ளையும் தலை தாழ்ந்தே இருக்கும். அதற்கு வேண்டியது அன்பான சொல். இவற்றுள் எதையும் அதிரும் கருவி நமக்குச் சொல்லாது. காரணத்தை அறியாமல் கருவியை மாட்டினால், பிள்ளையின் குறை அப்படியே இருக்க, நாம் கவலை தீர்ந்ததாக எண்ணிக்கொள்வோம். கழுத்து நோவு பல நாள் நீடித்தாலும், கை மரத்தாலும், தாமதியாமல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வளர்ந்தோர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சில காலம் இக்கருவியைத் துணைக்கொள்வதில் தவறில்லை. நம் பிள்ளைகளுக்கோ, அவ்வப்போது எழுப்பி நடக்கச் செய்யும் வீடும், உயரத்திற்கேற்ற மேசை தரும் வகுப்பறையும், ஓடுவதற்குத் திடலும் முதலில் தேவை. அவற்றை அளித்த பின்னர் கருவியைப் பற்றி எண்ணுவோம்.