வெங்காயத் தோலிற் சாயம்



புத்தளக் கரையோர மீனவர் முன்னாளில் பருத்தி வலைகளைக் கண்டற்பட்டைச் சாயத்தில் தோய்த்தனர். வலை உக்காது நீடித்தது. நைலோன் வலை வந்தபின் அத்தேவை நீங்கிற்று. இன்று துணிச் சாயத்திற்காகக் கண்டலை உரித்தல் தகாது. பட்டை இழந்த மரம் பட்டுப்போகும், கரையைக் கடல் அரிக்கும். கற்பிட்டித் தோட்டங்களிற் கழிவாகும் வெங்காயத் தோலே போதும்.

செய்முறை (100 கிராம் பருத்தித் துணிக்கு):

1. துணியைச் சவர்க்கார நீரிற் கொதிக்கவைத்து அலசுக.
2. கடுக்காய் ஊறிய நீரில் ஓரிரவு வைத்து உலர்த்துக.
3. 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஓரிரவு ஊறவிடுக. சாயத்தை நூலோடு பிணைப்பது இதுவே.
4. 100 கிராம் உலர்ந்த தோலை மட்பாண்டத்தில் ஒரு மணி நேரம் அவித்து வடிக்க. அந்நீரில் துணியை இட்டு, ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைக்க.
5. அலசி நிழலில் உலர்த்துக.

மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் கிடைக்கும். இரும்புப் பாத்திரம் நிறத்தைக் கருமையாக்கும், தவிர்க்க.

கண்டலைக் காத்தல் கரையைக் காத்தலாம்.