மஞ்சள் கற்கள்

கேரளம் நீளமான மாநிலம். வடக்கே காசர்கோடு. தெற்கே திருவனந்தபுரம். 2020-ஆம் ஆண்டில் இந்த இரு ஊர்களுக்கும் இடையே ரயிலில் போக 10 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாலைகளிலும் நெரிசல் அதிகம்.

இதற்கு மாநில அரசு ஒரு வழி சொன்னது. அதன் பெயர் சில்வர்லைன். அது ஒரு புதிய ரயில் பாதைத் திட்டம். நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ரயில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 4 மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம். செலவு சுமார் 64,000 கோடி ரூபாய் என்று மாநில அரசு கணக்கிட்டது. 2020 ஜூன் மாதம் மாநில அமைச்சரவை திட்ட அறிக்கைக்கு ஒப்புதல் தந்தது.

ரயில் பாதையை ஒருமுறை போட்டால் பல தலைமுறைக்கு இருக்கும். வாங்கும் கடனும் பல ஆண்டுகள் தொடரும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே மக்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

கற்கள் வந்தன

2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பல ஊர்களில் அதிகாரிகள் மஞ்சள் கற்களை நட்டார்கள். பாதை எந்த வழியாகப் போகும் என்பதற்கு அவை அடையாளம். சில கற்கள் வீட்டு வாசலில் இருந்தன. சில கற்கள் தோட்டத்தின் நடுவில் இருந்தன.

"ஆய்வுக்காகத்தான் கல் நடுகிறோம்" என்றார்கள் அதிகாரிகள். "முன்கூட்டியே எங்களிடம் சொல்லவில்லை" என்றார்கள் மக்கள். கல் நட்ட நிலத்தை வைத்து வங்கியில் கடன் கிடைக்குமா என்று பயந்தார்கள். பல இடங்களில் கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். போலீசாருக்கும் மக்களுக்கும் மோதல் ஏற்பட்டது.

இரண்டு பக்கமும் கேட்போம்

திட்டம் வேண்டும் என்றவர்கள் சொன்னவை:
- பயண நேரம் பாதிக்கும் கீழே குறையும்.
- சாலையில் கார், லாரி குறையும். புகையும் குறையும்.
- வேலைவாய்ப்பு பெருகும்.
- நிலம் கொடுப்பவருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் பணம் கிடைக்கும்.

திட்டம் வேண்டாம் என்றவர்கள் சொன்னவை:
- சுமார் 1,383 ஹெக்டேர் நிலம் போகும். ஆயிரக்கணக்கான வீடுகள் இடிபடும்.
- பாதைக்காக மண் கரை எழுப்பினால் மழைநீர் ஓட வழி இருக்காது. 2018 வெள்ளத்தில் கேரளத்தில் 400 பேருக்கு மேல் இறந்ததை அவர்கள் நினைவூட்டினார்கள்.
- கூலி வேலைக்குப் போகிறவரால் இந்த ரயிலுக்குச் சீட்டு வாங்க முடியாது.
- மாநிலத்தின் கடன் கூடும்.

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பும் கேள்விகள் கேட்டது. 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனது. அந்த இயக்கத்தில் முன்நின்றது இந்த அமைப்புதான். "முதலில் இருக்கிற ரயில் பாதையைச் சீராக்குங்கள்" என்பது அதன் கருத்து.

திட்ட அறிக்கையை வெளியிடும்படி பலர் கேட்டார்கள். 2022 ஜனவரியில் அது வெளிவந்தது. 3,000 பக்கங்களுக்கு மேல் இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எத்தனை விவசாயிகளால் படிக்க முடியும்?

என்ன நடந்தது?

2022 மே மாதம் கல் நடுவதை அரசு நிறுத்தியது. மத்திய அரசின் இறுதி ஒப்புதலும் வரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில், நிலம் எடுக்கும் வேலைக்காக அமர்த்திய ஊழியர்களை மாநில அரசு வேறு வேலைக்கு அனுப்பியது.

முதலிலேயே ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மக்களின் மொழியில் விளக்கியிருந்தால் மோதலைக் குறைத்திருக்கலாம். எங்கே கரை கூடாது, எங்கே பாலம் வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சட்டம் தரும் உரிமை

நிலம் எடுப்பது பற்றி 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது சொல்வது இதுதான்:

1. திட்டத்தால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய வேண்டும். (சில மாநிலங்கள் சில திட்டங்களுக்கு இதில் விலக்கு தந்துள்ளன.)
2. பாதிக்கப்படும் இடத்தில் பொதுக் கூட்டம் நடத்தி மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.
3. ஆய்வு அறிக்கை உள்ளூர் மொழியில் ஊராட்சிக்கு வர வேண்டும்.
4. முதல் அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அதை எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்குத் தர வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைக்கு வேறு சட்டம் உண்டு. அதில் 21 நாள்தான் அவகாசம். ஆகவே அறிவிப்பைக் கண்டதும் தேதியைப் பாருங்கள். நிலத்தின் சர்வே எண் சரியா என்று பாருங்கள். காரணத்தைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னதை மறுக்கலாம். எழுதிக் கொடுத்ததை எளிதில் மறுக்க முடியாது.

சொல்லும் பொருளும்

ஆட்சேபம் – மறுப்பு
அவகாசம் – கொடுத்திருக்கும் காலம்
ரசீது – பெற்றுக்கொண்டதற்கான சீட்டு

பதில் சொல்லுங்கள்

1. மஞ்சள் கற்கள் எதைக் காட்டின?
2. மண் கரையைப் பற்றி மக்கள் ஏன் கவலைப்பட்டார்கள்?
3. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் உண்டு? யாரிடம் தர வேண்டும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊருக்குப் புதிய சாலை வருகிறது. அதனால் யாருக்கு நன்மை? யாருக்கு இழப்பு? இரண்டு பக்கமும் பேசிய பிறகு, உங்கள் கருத்தை ஐந்து வரியில் எழுதுங்கள்.