பணிமேசையில் ஓர் ஒழுங்கு: இல்லம் திரும்பியவர்களுக்கும் குடும்பத்தினர்க்கும்

மருத்துவமனையிலிருந்து விடைபெறும் நாளில் மாத்திரை, உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் கேட்டு முடித்தபின், குடும்பத்தினர் சற்றுத் தயக்கத்தோடு எங்களிடம் மற்றொன்றையும் கேட்பதுண்டு. “அப்பா மறுபடியும் ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரலாமா?” “அம்மா தையல் வேலை செய்யலாமா?”

சில இல்லங்களில் இக்கேள்விக்கு விடை முன்னரே முடிவாகியிருக்கும். நோயாளி இங்கே படுத்திருக்கும்போதே அங்கே மேசை துடைக்கப்பட்டு, கருவிகள் சாக்கில் கட்டப்பட்டுப் பரணுக்குப் போயிருக்கும். அன்பினால் செய்வதுதான். ஆயினும் பல ஆண்டுகள் பழகிய கைவேலை, தளர்ந்த விரல்களுக்கு நல்ல பயிற்சியாகும். நீண்ட பகற்பொழுதுக்கு ஒரு பிடிப்பும் ஆகும். எனவே, மருத்துவர் தடை சொல்லாதவரை மேசையை அகற்ற வேண்டாம். அதனை மாற்றி அமையுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஏன் மாற்ற வேண்டும்?

மேசை பழைய மேசைதான், உடல் மாறியிருக்கிறது. நீரிழிவு நெடுநாள் நீடித்தவர்களுக்குப் பாதத்திலும் விரல் நுனியிலும் உணர்வு குறைந்திருக்கலாம். கீழே விழுந்த குண்டூசி காலில் தைத்தாலும் அவர்கள் அறியமாட்டார்கள்; புண் பெரிதான பிறகே கண்ணில் படும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். பக்கவாதத்துக்குப் பின் சிலர் தமக்கு ஒரு பக்கத்தில் உள்ள பொருளைக் கவனிக்கவே மாட்டார்கள். முன்பு வெறும் அலங்கோலமாக இருந்தது, இப்போது ஆபத்தாகிவிடுகிறது.

அறுவை அரங்கிலிருந்து ஒரு பாடம்

அறுவைச் சிகிச்சை தொடங்குமுன் செவிலியர் ஊசி, பஞ்சுத்துணி, கருவி ஆகியவற்றை எண்ணி வைப்பர். முடிந்தபின் மீண்டும் எண்ணுவர். உலகச் சுகாதார அமைப்பு 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இவ்வெண்ணிக்கை இடம்பெற்றுள்ளது. கைதேர்ந்தவர்களும் நினைவை நம்பாமல் எண்ணிக்கையை நம்புகிறார்கள்.

இதையே வீட்டிலும் செய்யலாம். ஊசி குத்தும் பஞ்சு மெத்தையில் 20 குண்டூசிகள் மட்டும் வையுங்கள். எழுந்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அதைத் தேடி எடுத்த பிறகே அவ்விடத்தை விட்டு எழ வேண்டும். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைத் துணியில் சுற்றித் தரையில் தடவினால் இரும்பு ஊசி எளிதில் ஒட்டிக்கொள்ளும். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் இத்தகைய காந்தத்தைக் கையாளாமல், அப்பணியைப் பிறரிடம் விடுவது நல்லது.

பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் மென்மையான காலணி அணியுங்கள். இரவில் உள்ளங்காலைப் பார்க்கும் வழக்கத்தையும் விடாதீர்கள்.

எதை எங்கே வைப்பது?

முழங்கையை உடலோடு ஒட்டியபடி முன்கையை மேசைமேல் அரைவட்டமாக வீசிப் பாருங்கள். அவ்வட்டத்துக்குள் நாள்தோறும் எடுப்பவை இருக்கட்டும்: கத்தரிக்கோல், திருப்புளி, குறடு, நூல். எப்போதோ எடுப்பவை அதற்கு அப்பால். ஆண்டுக்கொருமுறை எடுப்பவற்றுக்கு மேசையில் இடமே வேண்டாம்.

ஒவ்வொரு கருவிக்கும் அடியில் ஓர் அட்டையை விரித்து, அதன் உருவைப் பென்சிலால் வரைந்து வையுங்கள். வெற்று உரு தெரிந்தால் கருவி திரும்பவில்லை என்று பொருள். மறதியால் வருந்துவோருக்கு இது பெருந்துணை.

ஒரு கை தளர்ந்தவர்கள், வேலைப் பொருளைக் கிளாம்பினால் மேசை விளிம்போடு இறுக்குங்கள். அடியில் ரப்பர் விரிப்பு இருந்தால் பொருள் நழுவாது. ஒரு பக்கத்தைக் கவனிக்க இயலாதவர்களுக்குக் கூர்மையானவையும் சூடானவையும் நன்கு தெரியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்கு, வேலை செய்யும் கைக்கு எதிர்ப்புறம் நிற்கட்டும். இல்லையேல் கையின் நிழல் வேலையின்மேல் விழும். மின்கம்பி நடைவழியின் குறுக்கே கிடக்கலாகாது.

தனிக் கவனம் வேண்டுபவை

சால்டரிங் அயர்னின் முனை 300 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சில நிமிடம் சுடும். அதற்குத் தாங்கி கட்டாயம் வேண்டும். பற்றவைக்கும் கம்பியில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் உணவு மேசையில் அவ்வேலை ஆகாது. எழுந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். அதன் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும், சன்னல் திறந்திருக்கட்டும்.

தின்னரையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் தாமதிக்க வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது புண்ணாக்கிவிடும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கு வெட்டு ஏற்பட்டால், தூய துணியால் 10 நிமிடம் இடைவிடாது அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். நிற்காவிடில் வாருங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

குடும்பத்தினர்க்கு ஒரு சொல்

மேசையை நீங்களே அடுக்கிவிடாதீர்கள். உங்கள் கண்ணுக்கு அழகாக அடுக்கியது, அவர் கைக்கு எட்டாததாக இருக்கலாம். குறடு எங்கே என்று ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்க நேர்ந்தால், தம் மேசையிலும் தாம் நோயாளிதான் என்றே அவர் எண்ணுவார். “இது எங்கே இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள், அவர் காட்டும் இடத்தில் வையுங்கள். குனிவதும் தூக்குவதும் உங்கள் பங்கு. இடத்தைத் தீர்மானிப்பது அவர் பங்கு.

முதல் வாரம் நாளொன்றுக்கு 20 நிமிட வேலை போதும். அதில் கடைசி 5 நிமிடம் எடுத்தவற்றை எடுத்த இடத்தில் வைப்பதற்கும் எண்ணுவதற்கும் உரியது. களைப்பு வருமுன் நிறுத்துவது நலம்; களைத்த கைதான் ஊசியைத் தவறவிடும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மேசையைப் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். எதை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.