ஆறு மணிக்கு விசில் அடிக்கும் விருந்தாளி



ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவுல எங்க நிலம். கிணற்றுத் தண்ணி உப்பேறினதும் நெல் போச்சு. இப்ப மிச்சம் இருப்பது தென்னையும், மேட்டுப் பக்கம் கொஞ்சம் மாமரமும்தான். மாமரத்தடிச் செத்தையை வருஷா வருஷம் கூட்டிக் கொளுத்துவது எங்க வீட்டு வழக்கம். பாம்பு அடையும்னு பயம்.

இயற்கை வேளாண்மைக்கு மாறின பிறகும் அந்தப் பழக்கம் முழுசா விடவில்லை. ஒரு ஐப்பசி மாலை, தீப்பெட்டியோடு போனேன். அம்மா தடுத்தாங்க. "இருடா, உள்ள எதுவோ விசில் அடிக்குது."

செத்தைக்குள் ஒரு குருவி தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. சருகை அலகால் புரட்டும், ஒரு புழுவை இழுக்கும், நிற்கும், குட்டை வாலை ஆட்டும். மீன்கொத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஆறுமணிக்குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள்.

அடையாளம்

மைனாவைவிடச் சிறியது. எடை ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவுதான். முதுகு பச்சை, வயிறு மங்கிய மஞ்சள், வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. தோளில் பளிச்சென்று நீலம். கண்ணை ஒட்டி அகலமான கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைக் கோடு, தொண்டையும் வெள்ளை. இத்தனை நிறம் இருப்பதால் இந்தியில் 'நவ்ரங்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'பிட்டா'. அது தெலுங்குச் சொல், சின்னப் பறவை என்று அர்த்தம். நம்ம பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மீன்கொத்தி கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்திருக்கும், அலகு நீளம். இது தரையில் நடக்கும், கால் நீளம், வால் ரொம்பக் குட்டை. பார்ப்பதைவிடக் கேட்பது சுலபம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். பெயர் வந்ததே அதனால்தான்.

எங்கிருந்து வருகிறது?

இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாவின் மலைக்காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடகப் பகுதி வரை இது குஞ்சு பொரிக்கும் இடம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சருகும் புல்லும் சேர்த்து, பக்கவாட்டில் வாசல் வைத்து, உருண்டையாகக் கூடு கட்டும். மழைக்காலம் முடிந்ததும் தெற்கே கிளம்பும். தமிழ்நாடு, கேரளா, இலங்கை வரை போகும். புரட்டாசி, ஐப்பசியில் வந்து சித்திரை வாக்கில் திரும்பும்.

இமயமலை அடிவாரத்திலிருந்து நம்ம ஊருக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். இரவில்தான் பறக்கும். களைத்துப்போய் சில சமயம் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கிடைத்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். தெம்பு வந்ததும் புதர்ப்பக்கம் விட்டுவிடுங்கள். கூண்டில் அடைப்பதும் உண்டிவில்லால் அடிப்பதும் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இதுக்கு என்ன வேணும்?

இது காட்டுப் பறவை. ஆனாலும் அடர்ந்த காடுதான் வேணும்னு இல்லை. தலைக்கு மேலே நிழல், பக்கத்தில் ஒளிய புதர், காலடியில் சருகு இருந்தால் தோட்டத்திலும் தங்கும். சருகுக்கு அடியில் இருக்கும் மண்புழு, கறையான், வண்டு, புழுதான் இரை. கூட்டிப் பெருக்கிய தரையில் அதற்குச் சோறு கிடையாது. மருந்தடித்த தரையிலும் கிடையாது.

நாம் 'மூடாக்கு' என்கிறோமே, அதுதான் இந்தக் குருவியின் சாப்பாட்டுத் தட்டு.

ஒன்றைத் தப்பாக எண்ணக் கூடாது

குருவி வந்ததால் எங்க நிலம் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே, இந்தத் தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது பதிவாகியிருக்கிறது. மூடாக்கு போட்டால் குரோமியம் போய்விடாது. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியாகாது. அதற்கான கேள்வியை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆனால் மூடாக்கு வெயிலில் ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். ஆவியாவது குறைந்தால், உப்பு மேல்மண்ணில் வந்து படிவதும் குறையும். எங்க மாமரத்தடியில் சருகைக் கிளறினால் இப்போது மண்புழு நெளிகிறது. அதைத்தான் குருவி எனக்கு முன்னாடி கண்டுபிடித்தது.

நாம் செய்யக்கூடியது

* செத்தையைக் கொளுத்தாதீர்கள். மரத்தடியில் வட்டமாகப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விடுங்கள்.
* பாம்புப் பயத்துக்கு வழி உண்டு. நடைபாதையை மட்டும் சுத்தமாக வையுங்கள். மூடாக்குக்குள் போகும்போது கோலால் தட்டிக்கொண்டு போங்கள்.
* வேலியோரம் நொச்சி, ஆடாதோடை, காரை வளரட்டும். கம்பிவேலி மட்டும் போட்டால் ஒளிய இடமில்லை.
* ஐப்பசியிலிருந்து பங்குனி வரை புதரை ஒரே நாளில் வெட்டாமல், பகுதி பகுதியாகக் கவாத்து செய்யுங்கள்.

அன்றைக்கு அந்தத் தீப்பெட்டி அடுப்படிக்கே திரும்பிப் போனது. இப்போது ஐப்பசி பிறந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா திண்ணையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்களும் உங்க தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். விசில் வரவில்லை என்றால், மரத்தடியில் சருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.