பாக்குக் கடித்த நாக்கு

அடிலெய்டுக்கு வந்த புதிதில் ஒரு விருந்தில் பரோசா ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் கொடுத்தார்கள். ஒரே மிடறு. கசக்கிறது என்று கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டேன். திராட்சைத் தோட்டத்தில் வெகுகாலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். "கசக்கிறதா, இல்லை வாய் உலர்கிறதா?" என்று கேட்டார். மறுபடி குடித்துப் பார்த்தேன். ஈறும் கன்னத்தின் உட்புறமும் பிடித்து இழுத்தன. கசப்பே இல்லை அது. கொட்டைப்பாக்கைக் கடித்தால் வருமே, அந்தத் துவர்ப்பு.

வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்தவர்களுக்கு இது புதிய சுவையா என்ன? திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. கனமான சிவப்பு ஒயினுக்கு இதுதான் முதுகெலும்பு. அதனால் நான் முதலில் பார்ப்பது துவர்ப்பு எப்படிப்பட்டது என்பதைத்தான். ஒரு வாய் எடுத்து, நாக்கால் ஈறைத் தடவிப் பாருங்கள். சிலதில் மணல் போல நறநறக்கும். நல்லதில் துவர்ப்பு வாய் முழுக்க ஒரே சீராகப் படரும். விழுங்கி அரை நிமிடம் ஆனபிறகும் பழச்சுவை அதன் மேலேயே நிற்கும்.

மணத்துக்கு அவசரம் கூடாது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றி, முகருங்கள். பரோசா ஷிராஸில் கறுப்புப் பழங்களின் வாசம் தூக்கலாக இருக்கும். அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்திருந்தால் வெனிலாவும் தேங்காயும்கூட வரும். மிளகு வாசம் வேண்டுமென்றால் விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த ஊர் ஷிராஸைத் தேடுங்கள். அதில் வருவது நம் மிளகில் இருக்கும் அதே ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் என்று 2008இல் அடிலெய்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதினார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரிவதே இல்லையாம். பக்கத்தில் இருப்பவர் மிளகு என்கிறார், உங்களுக்கு வரவில்லை என்றால் உங்கள் ரசனையில் குறை இல்லை.

சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே குடிக்கலாம் என்பதை நம்பி, ஒரு ஜனவரியில் நல்ல பாட்டில் ஒன்றைக் கெடுத்தேன். வெளியே 40 டிகிரி, வீட்டுக்குள் 28. ஊற்றியதும் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறியது. பதினாலரை சதவீதம் இருக்கும் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். கோடையில் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். அன்றைக்குக் கூடவே காரமான மட்டன் குழம்பும் வைத்திருந்தேன். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இரண்டு மடங்காக்கியது. இப்போதெல்லாம் கொழுப்போடு சுட்ட ஆட்டு விலா, உப்பு, மிளகு, அவ்வளவுதான். இறைச்சி வாயில் இருக்கும்போது துவர்ப்பு அடங்கிப்போகும்.

முடிந்தால் ஒரு முறை பரோசாவின் டனுண்டாவில் உள்ள ஒயின் தோட்டங்களுக்குப் போங்கள். அடிலெய்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓட்டுபவர் சுவைத்துத் துப்பிவிட வேண்டும். அங்கே அது மரியாதைக் குறைவே இல்லை. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பரவவில்லை. அதனால் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. தொடை பருமனுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கொடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். 1980களில் இப்படிப்பட்ட பழைய கொடிகளைப் பிடுங்கிப் போட அரசே பணம் கொடுத்தது. நினைத்தால் மனசு ஆறவில்லை. கிழட்டுக் கொடிகளின் ஒயினில் துவர்ப்பு இறுக்கமாக இருக்கும், ஆனால் கீறாது.

இளசான ஒயின் என்றால் பாட்டிலை அன்றே தீர்க்காதீர்கள். பாதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மாலை எடுத்துக் குளிர் தணிந்ததும் ஊற்றுங்கள். நேற்று ஈறைப் பிடித்து இழுத்தது இன்று தளர்ந்திருக்கும். அதற்குப் பின்னால் மறைந்திருந்த பிளம்ஸ் பழம் அப்போதுதான் வரும்.