நாற்பதைத் தாண்டும் தங்கச்சிகளுக்கு

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொண்டு என் காலத்தைக் கழித்தவள் நான். விடியற்காலையில் கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடிய பெண்கள் பலர் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டார்கள். "உடம்புக்கு என்னவோ செய்யுதக்கா" என்று தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து இந்த மலைகளில் கொழுந்துக்குக் கணக்கு இருக்கிறது. பறிக்கிறவளின் உடம்புக்கும் முதுமைக்கும் அவளேதான் கணக்கு வைக்க வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1. உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.
மாதவிடாய் பெரும்பாலும் 45 க்கும் 55 க்கும் இடையில் நிற்கும். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே நாள் தள்ளும், முந்தும், கூடும், குறையும். பனிமூட்டம் விலகாத காலையில் பக்கத்து நிரைக்காரி ஸ்வெட்டரை இழுத்து மூடுவாள். உங்களுக்கோ கழுத்திலிருந்து சூடு ஏறி முகம் வியர்த்து, கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்து எறியத் தோன்றும். தூக்கம் கெடும். காரணமில்லாமல் அழுகையும் கோபமும் வரும். பேயோ செய்வினையோ என்று பயப்படாதீர்கள். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருவது இது. பூசாரியிடம் கயிறு கட்டப் போகுமுன் மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் மருந்து உண்டு.

இரண்டு மாதம் தள்ளிப்போனதும் நின்றுவிட்டதென்று கருத்தடையை விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. அப்படி நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

2. சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள்.
1996 இலிருந்து அரசாங்கம் நடத்தும் கிளினிக் இது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளைக் கேட்டுக்கொள்ளலாம். காசு இல்லை. பிரஷர், சீனி பார்ப்பார்கள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையும் செய்வார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. அந்தப் புற்றுநோய் வருடக்கணக்கில் மெதுவாக வளர்வது. ஆரம்பத்தில் கண்டால் தடுத்துவிடலாம். ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம்.

3. தண்ணீர் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள்.
மலையில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பெண்களை நான் அறிவேன். மாதவிடாய் நின்ற பிறகு சிறுநீர்த் தொற்று இன்னும் சுலபமாக வரும். போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள். மலையில் கழிப்பறை வேண்டுமென்று சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

இருமினால் சிறுநீர் கசிவதையும், கருப்பை கீழே இறங்கி வருவதையும் எங்கள் பெண்கள் வருடக்கணக்கில் மறைத்துச் சேலைக்குள் துணி வைத்துச் சமாளிக்கிறார்கள். பல பிரசவமும் பாரம் சுமப்பதும் இதற்குக் காரணம். சிறுநீரை நிறுத்தப் பயன்படும் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்துங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யுங்கள். நிரையில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. தொல்லை கூடிவிட்டால் வளையம் பொருத்தியோ அறுவைச் சிகிச்சை செய்தோ சரிப்படுத்துவார்கள்.

4. மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள்.
புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, காய்ந்த ரொட்டியும் சம்பலுமாக நிற்கிறோம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வேகமாகத் தேயும். முள்ளோடு தின்னும் நெத்தலி, முட்டை, பயறு, முருங்கைக்கீரை உங்கள் தட்டிலும் விழ வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்பதை அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

5. வெற்றிலைப் பையைத் தூக்கிப் போடுங்கள்.
குளிருக்கும் பசிக்கும் போட்டுப் பழகியது. போயிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தடிப்போ கண்டால், வாய் முன்போல் திறக்காவிட்டால், அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

6. உங்கள் பெயரைச் சரிபாருங்கள்.
செக்ரோலில் ராசம்மா, பிறப்புச் சான்றிதழில் ராஜம்மாள், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் நாளில் இந்த எழுத்துதான் வழியை மறிக்கும். ஒரு பெண் 50 வயதுக்குப் பிறகு வேலையை விட்டால் அந்தப் பணத்தைக் கேட்கலாம். உங்களிடம் பிடித்த 8 வீதமும் நிர்வாகம் போட வேண்டிய 12 வீதமும் அதில் இருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் கட்டும் 3 வீதம் தனி. சேமலாப நிதியின் பி கார்டையும் கணக்குக் கூற்றையும் கையில் வாங்கிப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நாற்பதுகளிலேயே திருத்துங்கள்.

7. பணிக்கொடையைக் கணக்குப் போடத் தெரிந்திருங்கள்.
1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 25 வருடம் என்று வையுங்கள். 4,72,500 ரூபாய் வரும். வேலை விட்டு 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.

8. அந்தக் காசு உங்கள் பெயரில் இருக்கட்டும்.
தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி வந்ததே 1984 இல்தான். அப்படிப் போராடி வாங்கிய கூலியில் சேர்ந்த பணத்தை மகனின் ஆட்டோவுக்கும் மகளின் நகைக்கும் முழுதாகக் கொடுத்துவிட்டு, மருந்துக்கு அவர்கள் முகம் பார்க்கும் அக்காமார் எத்தனையோ பேர். கொடுங்கள், எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். பாங்குப் புத்தகம் உங்கள் பெயரில், உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

9. வாய் திறந்து பேசுங்கள்.
உங்கள் உடம்பில் நடப்பதைப் புருஷனிடமும் வளர்ந்த மகளிடமும் சொல்லுங்கள். மாதர் சங்கத்தில் முன்வரிசையில் உட்காருங்கள். "வயசு போயிட்டுது" என்று சொல்லி ஒதுங்காதீர்கள். தோட்டத்தில் பிரசவமென்றாலும் சாவென்றாலும் எல்லாரும் தேடி வருவது ஐம்பதைத் தாண்டிய பெண்களைத்தான். அந்த மதிப்பு ஏற்கனவே உங்களுக்கு இருக்கிறது.

தங்கச்சிகளே, இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த மாதம் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள்: கிளினிக் நாளை மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்கள், பி கார்டை எடுத்து உங்கள் பெயரை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.