விசித்திரப் பிரெஞ்சு சைக்கிள் ஃபிரேம்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

1. எடுத்த எடுப்பில் விசித்திரத்தைத் தேடாதீர்கள். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் செய்த வண்டிகளை முதலில் கண்ணாரப் பாருங்கள். இருவர் பட்டறையும் பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில்தான். தள்ளி நின்று பார்த்தால் சாதாரண சைக்கிள். கிட்டப் போனால்தான் மட்கார்டு, கேரியர், விளக்கு எல்லாமே ஃபிரேமோடு சேர்த்து அளவெடுத்துச் செய்தவை என்று புரியும்.

2. எல்லாம் அழகுக்காகச் செய்தது என்பவரிடம் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள். 1934 முதல் பிரான்ஸில் சைக்கிள்களுக்கென்றே போட்டிகள் நடந்தன. எடை குறைந்தால் மதிப்பெண் ஏறும். கரடுமுரடான சாலையில் ஏதாவது உடைந்தால் இறங்கும். 1946-இல் சிங்கர் அனுப்பிய வண்டி, மட்கார்டு விளக்கு உட்பட, ஏழு கிலோவுக்கும் குறைவு. அதில் வெட்டி அலங்காரத்துக்கு ஏது இடம்?

3. காமினார்ஜான் என்ற அலுமினிய சைக்கிள் கிடைத்தால் அதிர்ஷ்டம். எண்கோண அலுமினியக் குழாய்கள், மூட்டுகளில் போல்ட். அலுமினியத்தைப் பற்றவைப்பது அன்று பெரும்பாடு. அதற்கு அந்த வண்டியைச் செய்தவர்கள் கண்ட வழி இந்தப் போல்ட். நிக்கோலா பாரா அதே காலத்தில் அலுமினியத்தைப் பற்றவைத்தே ஃபிரேம் செய்தார். என் ஓட்டு பாராவுக்கு. காமினார்ஜான் போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்க ஆசை வந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுங்கள்.

4. பந்தய விதியை வைத்து வண்டியை எடைபோடாதீர்கள். ஷார்ல் மோஷே செய்த, சாய்ந்து படுத்து ஓட்டும் வெலோகாரில் 1933-இல் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. போனார். அவர் முதல்தர வீரர்கூட இல்லை. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தை ஒதுக்கியது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

5. பழைய பெயிண்ட்டைச் சுரண்டாதீர்கள்.

6. பெயரை நம்பாமல் வெர்னியரை நம்புங்கள். கீழ்க்குழாய் பிரெஞ்சு அளவில் 28 மி.மீ., ஆங்கில அளவில் 28.6. மேல்குழாய் 26, ஆங்கிலத்தில் 25.4. ஹேண்டில்பார் தண்டு 22. ஆங்கிலத் தண்டு 22.2. அந்த 0.2-ஐச் சுத்தியலால் சரிசெய்ய நினைப்பவர் ஃபோர்க்கையே பறிகொடுப்பார். கிராங்க் அச்சின் கப்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கில வண்டியில் வலப்பக்க மரை மட்டும் எதிர்த்திசை. பிரெஞ்சு வண்டியில் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே திசை. அதனால் வலப்பக்கக் கப் ஓட ஓடத் தளரும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் அதை இறுக்கிப் பாருங்கள், கடிகாரம் சுற்றும் திசையில்.